கயிறு யார் கையில்?

பெங்களூரில் சில மாதங்களுக்கு முன் நடைபெற்ற ஒரு சத்சங்கத்தின் நிறைவில், அனைவரும் பிரசாதம் பெற்றுச் சென்ற பின்னரும் ஓர் அம்மையார் தயங்கி நின்றார். நகரின் வடக்கே, ஹெசரகட்டா செல்லும் வழியில் வசிப்பவர், கணவரை இழந்தவர். வீட்டின் பின்புறத்தில் பத்துக் கோழிகளை வளர்த்து, முட்டை விற்ற பணத்தில் வீட்டுச் செலவின் ஒரு பகுதியைச் சமாளித்து வந்தார். அவை கிரிராஜா கோழிகள். புறக்கடையில் வளர்ப்பதற்காகவே பெங்களூர் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட இனம் அது. உடல் பருத்தது, ஆதலால் ஓடித் தப்புவது அதற்கு எளிதன்று.

ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டு நாய்கள் இரண்டு வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்தன. அம்மையார் விழித்தெழுந்து வருவதற்குள் ஒன்பது கோழிகள் மாண்டு கிடந்தன. ஒன்றைக்கூட நாய்கள் தின்னவில்லை. நியாயம் கேட்கச் சென்றவருக்குக் கிடைத்த பதில் இது: “துரத்துவது நாயின் சுபாவம். நீங்கள்தான் கோழிகளை ஒழுங்காக அடைத்திருக்க வேண்டும். தருமபுத்திரரே நாயை விட்டுப் பிரிய மாட்டேன் என்றாரே! நான் மட்டும் அதைக் கட்டிப்போட்டு வதைக்கவா?”

வீடு திரும்பியதும் அவருடைய மகன், “இறைச்சியில் விஷம் கலந்து வேலியோரம் வைத்துவிடுகிறேன்” என்று கொதித்தெழுந்தான். தாயார் தடுத்துவிட்டார். எங்களிடம் அவர் கேட்டது வேறொரு கேள்வி: “சுவாமிஜி, மகனை என் வாய் தடுத்தது. ஆனால் அந்த நாய்கள் சாக வேண்டும் என்றே என் மனம் விரும்பியது. இது பாவமா?”

உண்மையை இவ்வளவு நேராகச் சொல்லிக் கேட்பவர்கள் அரியர். அவருக்குச் சொன்னதை எல்லா அன்பர்களுக்கும் சொல்வது நலம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

மூவகை ஹிம்சை

ஹிம்சை மூன்று வகைப்படும் என்கிறார் பதஞ்சலி முனிவர், தம் யோக சூத்திரத்தில். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, நடப்பதற்கு இசைந்து நிற்பது. இவற்றுக்கு வேர்களும் மூன்று: பேராசை, கோபம், மயக்கம்.

இந்த அளவுகோலை அம்மையாரின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவருவோம். சிறகடித்து ஓடும் பறவையைக் கண்டால் துரத்திக் கவ்வும் தூண்டுதல் நாயின் உடலோடு பிறந்தது. பசிக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. எதிரே எதுவும் அசையாமல் போகும் வரை அந்தத் தூண்டுதல் அடங்குவதில்லை. அதனால்தான் தின்னாமலே ஒன்பதைக் கொன்றது. விவேகம் இல்லாத உயிருக்குப் பாவமும் இல்லை.

ஆனால் அதை வளர்ப்பவருக்கு விவேகம் உண்டு. சுபாவம் இன்னதென்று அறிந்தும் வாயிற்கதவைத் திறந்து வைத்தார். வேலிக்குச் செலவாகுமே என்று எண்ணியிருந்தால் அது பேராசை. ‘என் செல்லம் எதுவும் செய்யாது’ என்று நம்பியிருந்தால் அது மயக்கம். அவர் கை எதையும் கொல்லவில்லை. எனினும் நடக்கக்கூடியதற்கு இசைந்து நின்றார். இனி, மகன் விஷம் வைத்திருந்தால் அது தானே செய்யும் ஹிம்சை, வேர் கோபம். விஷத்துக்கு ஆள் தெரியாது. காக்கையும் பூனையும் தெருவில் திரியும் குட்டிகளும் மாளும். சட்டப்படியும் அது தண்டனைக்குரிய குற்றமே.

தாயே, உங்கள் மனத்தில் எழுந்ததும் அந்த மூன்றாம் வகையின் நிழல்தான். ஆனால் அதை நீங்கள் கண்டுகொண்டீர்கள். வாயால் தடுத்தும் விட்டீர்கள். கண்டுகொள்ளப்பட்ட கோபம் பாதி வலிமையை இழந்துவிடுகிறது.

அன்பின் விலை

தருமபுத்திரரை மேற்கோள் காட்டினாரே அந்த அண்டை வீட்டார், அதையும் சற்றுச் சிந்திப்போம். தம்மை நம்பி வந்த நாயைக் கைவிட்டுத்தான் சுவர்க்கம் புக வேண்டும் என்றால் அந்தச் சுவர்க்கமே வேண்டாம் என்றார் தருமபுத்திரர். நாய்க்காக அவர் இழக்கத் துணிந்தது தம்முடைய சுவர்க்கத்தை; பிறருடைய கோழிகளை அன்று!

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேர்ச்சக்கரத்தில் கன்று ஒன்று துள்ளி வந்து விழுந்து மாண்டது. வேண்டுமென்று செய்ததன்று, பிராயச்சித்தம் போதும் என்றனர் அமைச்சர்கள். மன்னன் அதை ஏற்கவில்லை. அந்தத் தாய்ப்பசுவின் துயரத்தைத் தானும் அடைவதே முறை என்று முடிவு செய்தான்.

நம் காலத்துக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலையில் பகவான் ரமணர் ஒருமுறை நாயொன்று அணிலைத் துரத்துவதைக் கண்டார். இரண்டுக்கும் இடையே தம் கைத்தடியை வீசினார். அந்த முயற்சியில் கால் இடறி விழுந்து அவருடைய கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. அணில் பிழைத்தது. நாய்களையும் அவர் அன்போடு நடத்தியவரே. நாயிடம் அன்பு, அணிலிடம் கருணை, முறிந்தது தம் எலும்பு. இதுவே அன்பின் இலக்கணம். நாம் செலுத்தும் அன்புக்கு விலையை நாமே கொடுக்க வேண்டும். அண்டை வீட்டார் தலையில் சுமத்தலாகாது.

நாம் செய்ய வேண்டியது

வளர்ப்பு விலங்கினால் மனிதருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு கோழியைப் பேசவில்லை. சட்டம் பேசாத இடத்தில்தான் தர்மம் உரக்கப் பேச வேண்டும்.

நாய் வளர்க்கும் அன்பர்களே! உயரமான மதில், தாழிட்ட கதவு, வெளியே செல்லும்போது கையில் கயிறு, நாள்தோறும் போதிய நடை, உரிய காலத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, இனவிருத்திக்கட்டுப்பாடு. இவையெல்லாம் வதை அல்ல, பூஜை. சலித்துப்போனதும் தெருவில் கொண்டுபோய் விடுவதே வதை. தவறு நேர்ந்துவிட்டால், கேட்பதற்கு முன்பே நாமே சென்று மன்னிப்பும் இழப்பீடும் அளிப்போம்.

கோழி வளர்ப்பவர்களுக்கும் கடமை உண்டு. இரவில் உறுதியான கூடு, நாய் தோண்டி நுழையாதபடி மண்ணுக்குள் இறக்கிய கம்பிவலை, நடந்ததைப் பெரியவர்கள் முன்னிலையில் நிதானமாக எடுத்துரைக்கும் பொறுமை. பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதன்று. பகையில்லாமல் உரிமையைக் கேட்பதும் பொறுமையே.

அந்த அம்மையார் அவ்வாறே சென்று கேட்டார். பக்கத்து வீட்டார் பணம் கொடுத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டார். “கோபம் முழுதும் போகவில்லை, சுவாமிஜி. ஆனால் காலையில் குஞ்சுகளுக்குத் தீனி போடும்போது அந்த நாய் குரைத்தால் இப்போது சபிப்பதில்லை” என்றார் அண்மையில். அந்த அளவே பெரிய சாதனைதான்.

நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் கட்டவிழ்ந்து ஓடத் துடிக்கும் ஒன்று உண்டு. அதன் கயிற்றை நம் கையில் உறுதியாகப் பிடிக்கும் வலிமையை எல்லாம்வல்ல இறைவன் அருள்வாராக!