இரண்டு ஆள் குறைவு

பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரன் என்று நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு பெயர். பி.காம். படித்தவன், பத்திரிகைக்காரன் வேறு. கேட்க வேண்டுமா? அதனால்தான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கல்லூரி நண்பன், புது ஷெட்டுக்கு மெஷின்களை மாற்றும்போது என்னைக் கூப்பிட்டான். "மேஸ்திரி வர்றார். ரேட்டை நீ பேசி முடிச்சுக் குடுடா."

நீங்கள் வீடு மாற்றியிருப்பீர்கள். பீரோ சுவரில் இடித்து, காரை பெயர்ந்து, வீட்டுக்காரரிடம் பாட்டு வாங்கியிருப்பீர்கள். பட்டறை மாற்றுவது வேறு சமாச்சாரம். ஒரு நடுத்தர லேத்தே இரண்டு டன். அதுவும் சீரான பாரமில்லை. மோட்டாரும் கியரும் இருக்கிற தலைப்பக்கம் கனம், வால்பக்கம் லேசு. நடு அளந்து கயிறு போட்டால் தலைகுப்புறத் தொங்கும். மில்லிங் மெஷினுக்கு அடி சிறுத்து மேலே கனம். கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் பிறகு யார் பிடித்தாலும் நிற்காது.

கயிற்றிலும் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு டன்னை இரண்டு கயிறு செங்குத்தாகப் பிடித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டன். அதே கயிறுகள் விரிந்து, படுக்கைக்கு 30 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு டன் இழுக்கும். மேஸ்திரி திரிகோணமிதி படித்தவரில்லை. "கயிறு படுக்குது பாரு, கிட்டத்துல போடு" என்கிறார். அவ்வளவுதான்.

கிரேன் இருக்கிறதே என்பீர்கள். அது வாசல் வரைதான். உள்ளே கூரை தாழ்வு. வாசலிலிருந்து மெஷின் உட்காரும் இடம்வரை நாற்பது அடி. அந்த நாற்பது அடிக்கு இன்றைக்கும் கடப்பாரை, இரும்புக் குழாய், மரக்கட்டை, மனுஷன். குழாய்கள் மேல் மெஷினை உருட்ட வேண்டும். பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து ஓடிவந்து முன்னால் போட வேண்டும். பக்கத்துக்கு ஒருவர் கையில் கட்டையோடு குனிந்து கூடவே வருவார். மெஷின் வேகமெடுத்தால் அடியில் செருகி நிறுத்துவது அவர் வேலை.

தேரோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். திருவாரூர் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் சக்கரத்தருகே கட்டையோடு நிற்கிறவர் போய்விடவில்லை. வடம் பிடிக்க ஊரே வரும். சக்கரத்தடியில் கை நீட்ட நாலு பேர்தான். நாமோ 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பதைத் திட்டாக வைத்திருக்கிறோம்!

விஷயத்துக்கு வருகிறேன். நாலு மெஷின். மேஸ்திரி 24,000 கேட்டார். "எட்டு ஆள் வேணுங்க சார்" என்றார். நான் என் வித்தையைக் காட்டினேன். எழுந்து போகிற மாதிரி ஒரு பாவனை, 'வேற ஆள் பார்த்துக்கறோம்' என்று ஒரு பொய். 18,000-த்தில் வந்து நின்றது. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "சரிங்க, பார்த்துப் பண்ணிக்கறோம்" என்றார். நண்பன் எனக்கு ஃபில்டர் காபி வாங்கித் தந்தான்.

மறுநாள் காலை ஆறு பேர் வந்திருந்தார்கள். எனக்கு எண்ணத் தெரியும். எண்ணினேன். கேட்கவில்லை.

மூன்றாவது மெஷின் வாசல் சரிவில் இறங்கும்போது ஒரு குழாய் கோணிக்கொண்டது. ஒரு பக்கம் கட்டை வந்தது. மறுபக்கம் கட்டையோடு நிற்க வேண்டியவர், ஆள் பற்றாமல் பின்னால் கடப்பாரை பிடித்துக்கொண்டிருந்தார். குழாய் எடுத்துப் போடுகிற பையன் வெறுங்கையை நீட்டினான். சத்தம்கூடப் போடவில்லை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நண்பன்தான் கொடுத்தான். நல்லவன். ராத்திரி அவனே ஆரம்பித்தான்: "அந்த ரேட்டுக்கு அவராதானே ஒத்துக்கிட்டார்? நாம என்ன கழுத்துல கத்தியா வெச்சோம்?"

இல்லைதான். கல்லூரியில் வணிகச் சட்டம் படித்தோம் இருவரும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 14-ஆம் பிரிவு. பலாத்காரம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை - இவற்றால் வராத சம்மதம் சுதந்திரமான சம்மதம். பட்டியலில் பசி இல்லை. நாளை வேலை கிடைக்காதோ என்கிற பயமும் இல்லை. சட்டத்தைக் குறை சொல்லவில்லை; அதையெல்லாம் சேர்த்தால் நாட்டில் ஒரு ஒப்பந்தமும் நிற்காது. ஆனால் எனக்கு உறுத்தியது அதுகூட இல்லை. சம்மதம் சொன்னவர் மேஸ்திரி. விரல் பையனுடையது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கத்தரிக்காய்க்காரம்மாவிடம் ஐந்து ரூபாய் குறைத்தால் அந்த அம்மாவின் லாபம் குறைகிறது. அதுவும் பெருமையில்லை, போகட்டும். இங்கே நான் குறைத்த ஆறாயிரம் எங்கிருந்து குறைந்தது? கயிற்றிலா, கட்டையிலா, ஆளிலா? தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எனக்குச் சௌகரியம். 24,000 கொடுத்திருந்தாலும் மேஸ்திரி ஆறு பேரைத்தான் கூட்டிவந்திருப்பார் என்று வாதாடலாம். நானும் என்னோடு வாதாடிப் பார்த்தேன். அவர் செய்திருக்கக்கூடியது அவர் கணக்கு. நான் எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டது என் கணக்கு.

விரலுக்கு விலையே இல்லையென்று நினைக்காதீர்கள். 1923-இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. சம்பாதிக்கும் சக்தியில் கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5.

கணக்குப் பதிவியலிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். இயந்திரம் நிறுவக் கொடுத்த கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? கூலிக் கணக்கில் எழுதினால் மார்க் போச்சு. அது முதலினச் செலவு. இயந்திரத்தின் விலையோடு சேர்க்க வேண்டும். ஆக அந்தக் கூலி, மெஷினாகவே மாறி வருஷாவருஷம் தேய்மானம் கழியும். ஆஸ்பத்திரி பில்லை எதில் எழுதுவது என்று நண்பனின் கணக்குப்பிள்ளை கேட்டார். 'இதர செலவு' என்று நான்தான் சொன்னேன்.

போன வாரம் நண்பன் மறுபடி போன் பண்ணினான். பழைய ரேடியல் டிரில்லிங் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறானாம். அதே மேஸ்திரி. போனேன். இந்தமுறை ரேட் கேட்பதற்கு முன்னால், "எத்தனை ஆள் கூட்டிட்டு வருவீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது நீங்க சொல்ற ரேட்டைப் பொறுத்ததுங்க சார்."