இல்லறத்தின் புதிய வாயில்

கணவன் மனைவி என்னும் இருவருக்கு இடையே மூன்றாமவர் ஒருவர் நிற்கலாமா? நிற்கலாம் எனின், எதுவரை நிற்கலாம்? இவ்வினா நம் மொழிக்குப் புதியதன்று. தொல்காப்பியர் கற்பியலில் இதற்கு இடம் வகுத்திருக்கின்றார். பிணங்கி நிற்கும் தலைவன் தலைவியரை ஒன்று சேர்ப்போரை அவர் 'வாயில்கள்' என்றார். தோழி, பாங்கன், பாணன், விறலி, விருந்தினர், அறிவர் முதலாகப் பன்னிரு திறத்தார் அவ்வரிசையில் உளர். வாயில் என்னும் சொல்லே எண்ணிப் பார்க்கத் தக்கது. வாயில் வழியாக மனிதர் வீட்டினுள் செல்வர். வாயில் எழுந்து உள்ளே வருவதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இத்தகைய வாயில் ஒன்றை வைத்திருக்கின்றது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு உரிய அச்சட்டத்தின்படி, ஒருதலையாக மணமுறிவு கோருவோர் பொதுவாக முதலில் இணக்கக் குழுவிடம் செல்லல் வேண்டும். அக்குழுவுக்கு உள்ள காலம் ஆறு மாதம். சேர்த்து வைத்தாலும் சேர்க்க இயலாவிடினும் அதன் வேலை அத்துடன் முடிந்தது.

இன்று அவ்விடத்தில் கைப்பேசிச் செயலி வந்து நிற்கின்றது. தென் கொரியாவில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'பிட்வீன்', இருவர் மட்டுமே பேசவும் படங்களைச் சேர்த்து வைக்கவும் ஒரு தனியறை போல் அமைந்தது. 'பேர்ட்' என்னும் செயலி நாள்தோறும் ஒரு வினாவை இருவர் முன்னும் வைக்கின்றது. நாட்காட்டியைப் பகிர்வன உள. வீட்டுச் செலவைக் கணக்கிடுவன உள. ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவருக்கு ஓயாமல் காட்டிக்கொண்டிருப்பனவும் உள. இவற்றுள் எது சிறந்தது என்று இளைஞர் கேட்கின்றனர். விலையையும் வசதியையும் ஒப்பிட்டு விடை கூறுவோர் பலர். தம் இருவர்க்கே உரிய வாழ்விலிருந்து எதனை எடுத்துப் பிறர் கையில் கொடுக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஜொகூர் பாருவில் வாழும் ஓர் இளைய இணையர் இக்கேள்வியை என்னிடம் கொண்டு வந்தனர். மனைவி முன்பு என்னிடம் பயின்றவர். இப்போது மருத்துவமனையில் தாதி. கணவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். மனைவிக்கு இரவுப் பணி வாய்க்கும் வாரங்களில் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்கிக்கொண்டிருப்பார். நாட்காட்டிச் செயலியைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வினா கேட்கும் செயலி மனைவியின் விருப்பம். இருப்பிடம் காட்டும் செயலி கணவரின் விருப்பம். "நெரிசலில் எங்கே நிற்கிறேன் என்று அவளே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா, ஐயா?" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் என் நெஞ்சில் தங்கிவிட்டது.

முதலில் வினாச் செயலியைப் பார்ப்போம். தன் விடையை எழுதிய பின்னரே துணையின் விடையைக் காணலாம் என்பது 'பேர்ட்' செயலியின் ஏற்பாடு. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் இதனை நான் பாராட்டுவேன். பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்து எழுதும் விடை விடையாகாது. மேலும், கேட்கக் கற்றுக்கொடுப்பதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. நான் வளர்ந்த தோட்டப்புற லயங்களில், காலைப் பிரட்டு முதல் அந்தி வரை உழைத்து ஓய்ந்த கணவனும் மனைவியும் பேசிக்கொண்டவை அரிசியும் கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமுமே. அதனைக் கனிந்த மௌனம் என்று போற்றி எழுதுவோருடன் நான் உடன்படேன். பல வீடுகளில் அது கேட்கத் தெரியாமை. சில வீடுகளில் கேட்க அஞ்சியமை.

ஆயினும் ஓர் ஐயம் உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் விடை எழுதினீர்கள் என்று எண்ணிக் காட்டும் வழக்கம் செயலிகளிடையே பரவியுள்ளது. நாட்குறிப்பு எழுதும் மாணவர்க்கு நட்சத்திர முத்திரை இட்டுப் பார்த்தவன் நான். சில வாரங்களில் அவர்கள் நாளைப் பற்றி எழுதுவதை விட்டு முத்திரைக்காக எழுதத் தொடங்குவர். ஒன்பது மணிக்கு மணியடித்ததும் விடை எழுதி, எண் கூடியதைக் கண்டு மகிழ்ந்து உறங்கச் செல்லும் இணையர் யாருக்கு விடை எழுதினர்?

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து இணையரின் அன்றாடப் பேச்சைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கியவர். பெரிய சண்டைகளைவிடச் சிறிய அழைப்புகளே அவர் கவனத்தை ஈர்த்தன. "மழை வரும் போலிருக்கிறதே" என்று மனைவி சொல்கிறாள். கணவன் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறானா, இல்லையா? ஆறாண்டுக்குப் பின் சேர்ந்தே வாழ்ந்தவர்கள் இத்தகைய அழைப்புகளுக்கு 86 விழுக்காடு செவிசாய்த்தவர்கள் என்றும், பிரிந்தவர்கள் 33 விழுக்காடே செவிசாய்த்தவர்கள் என்றும் அவர் கணக்கிட்டார். இவ்வெண்களை அப்படியே நம் வீடுகளுக்குப் பொருத்த வேண்டியதில்லை. மழையைப் பற்றிய அந்தப் பேச்சுக்கு மணியோசை இல்லை என்பதே நாம் கருத வேண்டியது. செயலியின் மணிக்குப் பழகிய செவி, மணியில்லாத அழைப்பையும் கேட்குமா? கேட்கப் பழக்கினால் அச்செயலி நல்லாசிரியன். காட்மனின் நிறுவனமே வினாச்சீட்டுகள் கொண்ட செயலி ஒன்றை வெளியிட்டிருப்பது இந்நம்பிக்கையால்தான் போலும்.

இருப்பிடம் காட்டும் செயலியிடம் எனக்கு இவ்வளவு பரிவு இல்லை. 'எங்கே இருக்கிறீர்கள்?' என்னும் கேள்வியில் அன்பு உண்டு, கவலை உண்டு, சில வேளை சினமும் உண்டு. திரையில் நகரும் புள்ளியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. வள்ளுவர் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவிக்கும் ஊடலுக்கும் ஒதுக்கினார். அங்கே தலைவி காரணமே இல்லாமல் ஐயுறுகின்றாள். தலைவனிடம் சான்று ஏதும் இல்லை. சொல்லும் பணிவும் மட்டுமே அவனிடம் உள்ளன. அவற்றால்தான் அவள் உள்ளம் நெகிழ வேண்டும். அவனிடம் மறுக்க இயலாத சான்று இருந்திருந்தால் வழக்கு வென்றிருப்பான், அவள் நெகிழ்ந்திருப்பாளா? ஐயம் சான்றினால் அடங்குவதும் இல்லை. புள்ளி இருபது நிமிடம் ஓர் உணவகத்தின் அருகே நின்றால் அங்கே புதிய ஐயம் பிறக்கும்.

இதனினும் பெரியது ஒப்புதல் பற்றிய கேள்வி. 'வேண்டாம்' என்று சொன்னால், 'அப்படி எதை மறைக்கிறாய்?' என்று கேட்கப்படும் என அஞ்சி ஒருவர் இசைவது இசைவாகாது. நம் வீடுகளில் இவ்வாறு இசைய வேண்டியவர் பெரும்பாலும் யார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர்க்கும் ஒரு மணி நேரம் யாரும் அறியாமல் கடைத்தெருவில் நடக்கும் உரிமை வேண்டும். நள்ளிரவில் மழையில் வண்டியோட்டி வருபவர் அந்த நேரத்துக்கு மட்டும் தம் இருப்பிடத்தைத் தாமே காட்டிப் பின் அணைத்துவிடுவது வேறு. அதனை நான் குறை கூறேன்.

தோழியும் பாணனும் கேட்டதை எங்கே கொண்டு சென்றனர் என்று தலைவி அறிவாள். செயலி கேட்டதை எங்கே கொண்டு செல்கின்றது? குடும்பத்தார் இருப்பிடத்தைக் காட்டும் 'லைஃப்360' அத்தரவை வணிகர்க்கு விற்று வந்தது 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. துல்லியமான இருப்பிடத் தரவின் விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்துவதாக அந்நிறுவனம் 2022இல் அறிவித்தது. ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் இணையர்க்கெனத் தொடங்கிய 'டியூன்ட்' செயலி 2022இல் மூடப்பட்டது. வாயில் இடம்பெயரலாம், அதில் தொங்கவிட்ட கடிதங்களின் கதி என்ன? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முழுவதும் வெளிநாட்டில் கையாளப்பட்டு, இங்கு மேலும் கையாளும் நோக்கமும் இல்லாத தரவை அது தொடுவதில்லை. தனிமனிதர் தம் குடும்பக் காரியத்துக்கு மட்டும் கையாளும் தரவுக்கும் விலக்கு அளிக்கின்றது. கணவன் மனைவிக்கு இடையில் அச்சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றது. உள்ளே நடப்பதை அவர்களே முறை செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஜொகூர் இணையரிடம் நான் செயலியின் பெயர் எதனையும் கூறவில்லை. வினாச் செயலியை ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். மாத இறுதியில் தனித்தனிச் சீட்டில் வேண்டும், வேண்டாம் என்று எழுதுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணம் கேளாமல் நீக்கிவிடுங்கள் என்றேன். இருப்பிடச் செயலியைப் பற்றி மனைவியை முதலில் பேச விடுமாறு கணவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் பேசினார். அச்செயலி வரவில்லை. அதற்குப் பதிலாகச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கணவர், 'கடந்துவிட்டேன்' என்று ஒரு சொல் அனுப்புகின்றார். நாட்காட்டி நிலைத்துவிட்டது.

வினாச் செயலிக்கு மனைவி, வேண்டும் என்று எழுதினார். கணவருக்குத் தம் தந்தையின் நோயைப் பற்றி இருந்த அச்சத்தை அவர் அங்குதான் முதன்முதலில் அறிந்தாராம். கணவர், வேண்டாம் என்று எழுதினார். காரணம் கேட்கக்கூடாது என்பது ஏற்பாடாயினும் அவரே கூறிவிட்டார்: விடை எழுதி முடித்தால் பேசி முடித்துவிட்டது போல் தோன்றுகிறதாம். பேசிக்கொண்டபடி செயலி நீக்கப்பட்டது. அதற்கு முந்திய இரவு, மனைவி அந்த ஒரு மாத விடைகளையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தம் கையால் எழுதி வைத்துக்கொண்டார். அப்புத்தகத்தைக் கணவர் இன்னும் பாதிதான் படித்திருக்கின்றார் என்று கேள்வி.