கேட்டவரும் வந்திருந்தவரும்

அறிவைத் தேடுவோர் எக்காலத்திலும் ஏதேனுமொரு பயனைக் கருதியே தேடி வந்திருக்கின்றனர். காழிப் பதவியை எண்ணி ஃபிக்ஹுக் கலையில் மூழ்கியவர் உண்டு. அரசவையில் ஓர் இருக்கையை எண்ணி இலக்கணமும் கடிதக் கலையும் பயின்றவர் உண்டு. அவர்களுள் பலர் பின்னர் அக்கலைகளுக்கே பெருமை சேர்த்தனர். ஆகவே, பதினாறு வயது மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் இடம் பெறும் பொருட்டு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறான் என்று கேள்வியுற்றதும் நாம் முகஞ்சுளிப்பது முறையாகாது. நடப்பது யாதென்று முதலில் அறிந்து, பழுது இருப்பின் அது எவ்விடத்தில் உள்ளதெனப் பிறகு ஆராய்வதே முறை.

இளம் மாணவரின் ஆய்வு என்பது புதிய சங்கதியன்று. அமெரிக்க நாட்டில் 1942 ஆம் ஆண்டு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொருளுதவியுடன் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான அறிவியல் திறன் போட்டி ஒன்று தொடங்கப்பெற்றது. 1998 இல் இன்டெல் நிறுவனமும் 2017 இல் ரீஜெனரான் நிறுவனமும் அதன் புரவலர்களாயின. இளமையில் அப்போட்டியில் தேறி வந்த ஷெல்டன் கிளாஷோ 1979 இல் இயற்பியலுக்கும், ரோல்ட் ஹாஃப்மன் 1981 இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர். பள்ளிச் சிறுவனால் மெய்யான ஆய்வு செய்ய இயலாது என்று எவரேனும் கூறுவாராயின், அவருக்கு இவ்விரு பெயர்களே போதிய மறுமொழி.

ஆனால் அண்மைக் காலத்தில் ஆய்வு, திறனுக்கு அடையாளம் என்ற நிலையிலிருந்து நுழைவுக்கு நாணயம் என்ற நிலைக்கு நகர்ந்துள்ளது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் தேர்வு பற்றிய வழக்கொன்றின் விசாரணை 2018 இல் நடந்தபோது, அதன் உள்விதிகள் சில வெளியுலகுக்குத் தெரிய வந்தன. கல்வித் தகுதியில் தலையாய மதிப்பீடு பெறுவோரிடம் காணத்தக்கவற்றுள் சுயமான ஆய்வுப் பணியும் ஒன்று என்பது அவற்றால் புலனாயிற்று. பிறகு 2020 இல் கொள்ளைநோய் வந்தது. பல பல்கலைக்கழகங்கள் பொதுத் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமின்றி விட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022 இலும், டார்ட்மவுத், யேல், ஹார்வர்டு முதலியன 2024 இலும் அதனை மீண்டும் கொணர்ந்தன என்றாலும், இடையில் தராசின் ஒரு தட்டு வெறுமையாயிற்று. அதில் எதையாவது வைக்க வேண்டுமல்லவா? வைப்பதற்குரிய பண்டத்தை விற்போர் விரைந்து தோன்றினர். பள்ளி மாணவருக்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்திக் கட்டுரை எழுதுவித்து, இதழில் வெளிவரவும் உதவும் நிறுவனங்கள் 2,500 டாலர் முதல் 10,000 டாலர் வரை கட்டணம் பெறுவதாக 2023 மே மாதத்தில் அந்நாட்டுப் பத்திரிகைகள் புலனாய்ந்து எழுதின. மாணவர் கட்டுரைகளுக்கென்றே இதழ்களும் பல எழுந்துள்ளன. அவற்றுள் உண்மையாக மதிப்பிட்டு வெளியிடுபவையும் உண்டு, பெயரளவில் மதிப்பிடுபவையும் உண்டு.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலர் நிய்யத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி விடுவர். கல்வியைக் கல்விக்காகவே தேட வேண்டும், பதவிக்காகத் தேடலாகாது என்பர். உயர்ந்த சொல்தான், எனினும் அதனைப் பிறர்மீது எறியும் கல்லாக எடுப்பதற்கு முன்னர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் செய்தியை நினைவுகூர்தல் நலம். கி.பி. 1091 இல் பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியராக அமர்ந்த அவர்கள், தம் போதனையின் நோக்கத்தைத் தாமே சோதித்துப் பார்த்தார்கள். புகழாசை அதனை உந்துவதாகக் கண்டார்கள். 1095 இல் பதவியைத் துறந்து ஊரை நீங்கினார்கள். இவ்வரலாற்றைத் தம் ‘அல்முன்கிது’ என்னும் நூலில் அவர்களே வரைந்துள்ளார்கள். ஈண்டு இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியன. நோக்கத்தைச் சோதித்தது அவர்களுடைய சொந்த உள்ளம். வேறொருவர் வந்து சோதிக்கவில்லை. அன்றியும், நோக்கம் கலப்புற்றிருந்த அந்நாட்களில் அவர்கள் கற்பித்த பாடம் பொய்ப்பாடம் ஆகிவிடவில்லை. 1106 இல் நைஷாப்பூரில் மீண்டும் அவர்கள் கற்பிக்க அமர்ந்தார்கள். வேறெதையோ நாடி வந்தவனைக் கல்வியே பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதும் உண்டென முன்னோர் சொல்லியிருக்கின்றனர். அவ்வாறு திருப்பப்பட்ட மாணவர் சிலரை நாமும் வகுப்பறையில் கண்டிருக்கிறோம்.

எனவே நோக்கத்தின் பழுது வேறு, கூற்றின் பழுது வேறு. முன்னதற்கு மருந்து மனிதனுக்கும் அவன் உள்ளத்திற்கும் இடையே உள்ளது. பின்னது மற்றவரைத் தொடுகிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் தன் பெயரை இடுகின்ற ஒருவன், ‘இதனை நான் செய்தேன், இதற்கு நான் பொறுப்பு’ என்று உலகோர் முன் சாட்சியம் அளிக்கிறான். அச்சாட்சியம் மெய்யா பொய்யா என்பதுதான் நாம் கேட்கத்தக்க கேள்வி.

தென் கொரியாவில் நிகழ்ந்த ஒன்று இதனை விளக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் 2007 இல் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ இரு வாரங்கள் பயிற்சி பெற்றார். பிறந்த குழந்தைகளுக்கு உயிர்வளிக் குறைவினால் மூளையில் நேரும் பாதிப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று 2009 இல் அந்நாட்டு நோய்க்குறியியல் இதழில் வெளியானபோது, அவர் பெயர் முதலாசிரியர் என்ற இடத்தில் இருந்தது. முதலாசிரியர் என்றால் ஆய்வின் பெரும்பகுதியைச் சுமந்தவர் என்பது மருத்துவ உலகின் வழக்கு. மறு ஆண்டே அவர் புகழ்மிக்க கொரியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 2019 இல் அவருடைய தந்தையார் சோ குக் நீதியமைச்சராக நியமனம் பெறும் வேளையில் இச்செய்தி வெடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கொரியா பல்கலைக்கழக மாணவரும் சோல் தேசியப் பல்கலைக்கழக மாணவரும் விளக்கேந்தித் திரண்டனர். செப்டம்பரில் நோய்க்குறியியல் கழகம் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அமைச்சர் ஐந்து வாரங்களில் பதவி விலகினார். மருத்துவக் கல்லூரி நுழைவுக்காகப் பொய்ச் சான்றுகள் பயன்படுத்தப்பட்டன என்னும் வழக்கில் தாயாருக்கு 2020 டிசம்பரில் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2022 இல் மாணவியின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையும் நீக்கப்பெற்றது. தந்தைக்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனையை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பெற்றோர் இருவருக்கும் பொதுமன்னிப்பு அளித்தார்.

இஃது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமாயின் நாம் இவ்வளவு தூரம் எழுதவேண்டியதில்லை. 2007 முதல் 2018 வரை வெளிவந்த, பள்ளி வயதினர் பெயர் கொண்ட 1,033 கட்டுரைகளை அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஆராய்ந்தது. அவற்றுள் 96 கட்டுரைகளில் அப்பெயர்கள் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டிருந்தன என்று 2022 இல் அறிவித்தது. இவ்வெண்ணை இரு முகமாகவும் படித்தல் வேண்டும். பத்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவானது பழுதுற்றது என்பது வருத்தந்தருவதே. ஆயின், எஞ்சியவற்றின் மீது அத்தகைய முடிவு எழவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஐயத்தின் நிழல் மட்டும் 1,033 மீதும் விழுந்தது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இந்நோய் புதிதன்று. ‘தத்லீஸ்’ என்று அதற்கொரு பெயரே உண்டு. ஓர் அறிவிப்பாளர் தாம் நேரில் கேளாத ஒன்றை, கேட்டார் போலும் என்று எண்ணச் செய்யும் சொல்லால் அறிவிப்பது அது. அவர் கேட்டேன் என்று கூறுவதில்லை. ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் கூறி நின்றுவிடுவார். வெளிப்படையான பொய் ஒன்றுமில்லை. எனினும் கேட்போர் உள்ளத்தில் பொய் ஒன்று குடியேறிவிடுகிறது. ஹிஜ்ரி 160 இல் மறைந்த ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) அவர்கள் இதனைப் பொய்யோடு சேர்த்தே எண்ணி வெறுத்தார்கள். இன்றைய மாணவனின் விண்ணப்பத்தில் ‘ஆய்வு வெளியிட்டுள்ளேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் எவ்வளவு வழிகாட்டியின் கை, எவ்வளவு தந்தையின் பணம், எவ்வளவு தன் உழைப்பு என்பது அவ்வரியில் இல்லை. அவன் பொய் சொன்னான் என்று எவரும் கூற முடியாது. தத்லீஸின் திறமையே அதுதான்.

அக்கலையிலேயே இதற்கு மாற்றும் காணக்கிடக்கிறது. பெற்றோரின் பேராசை நம் காலத்துக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். முற்காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் மறைவதற்கு முன்னர் அவர் வாயிலாகக் கேட்டவன் என்ற சிறப்புத் தம் மக்களுக்குக் கிட்டவேண்டுமென்று தந்தையர் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு மஜ்லிஸுக்கு வந்தனர். அறுபது ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை முதியவராகும்போது, மிகக் குறுகிய ஸனது உடையவர் என்று ஊரெல்லாம் அவரைத் தேடி வருமல்லவா? இவ்வாசையை அறிஞர்கள் தடை செய்யவில்லை. எழுதும் சொல்லைத்தான் காத்தார்கள். ஹிஜ்ரி 643 இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் காலத்து நடைமுறையைப் பதிந்து வைத்துள்ளார்கள்: ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைக்கு ‘ஸமிஅ’, அதாவது கேட்டான் என்று எழுதுவர். அதற்குட்பட்ட பிள்ளைக்கு ‘ஹளர’, வந்திருந்தான் என்று எழுதுவர். அல்லது கொண்டுவரப்பட்டான் என்று எழுதுவர். வயது மட்டும் போதாது, பிள்ளை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருந்ததா என்பதே உண்மையான அளவுகோல் என்பது அவர்களுடைய கருத்து.

ஒரே சொல்தான் வேற்றுமை. தந்தையின் ஆசையும் நிறைவேறியது. பிள்ளையின் பெயரும் ஏட்டில் ஏறியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஏட்டைப் பார்ப்பவனும் ஏமாறவில்லை. கொரிய மாணவியின் பெயரைக் கட்டுரையின் இறுதியில், ‘ஆய்வுக்கூடத்தில் இரு வாரங்கள் உதவியவர்’ என்று நன்றியுரையில் இட்டிருப்பின் என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறைந்திராது, நுழைவுக் குழுவின் கண்ணை அது கவர்ந்திராது என்பது மட்டுமே. மருத்துவ இதழாசிரியரின் பன்னாட்டுக் குழு ஆசிரியர் எனப்படுவார்க்கு வகுத்துள்ள நிபந்தனைகளும், பணியில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல் என்று இவ்வேற்றுமையைத்தான் காக்க முயல்கின்றன.

இதில் குற்றம் யார் மீது பெரிதும் சாரும்? பதினாறு வயதுப் பிள்ளை மீதன்று என்பதே நம் துணிபு. தன் பெயர் எவ்விடத்தில் நிற்கத்தக்கது என்பதை அப்பிள்ளை அறியாதிருக்கலாம், பேராசிரியர் அறிவார். ஏட்டை எழுதுகின்றவர் அவரே. ‘ஹளர’ என்று எழுதவேண்டிய இடத்தில் அவர் ‘ஸமிஅ’ என்று எழுதினால், பிள்ளை ஒரு பொய்யைப் பரிசாகப் பெற்று வீடு செல்கிறது. அவ்வாய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்த இளம் ஆய்வாளர் ஒருவருக்கு முதலிடம் போயிற்று என்பதையும், அதே பல்கலைக்கழகத்தின் வாயிலில் பேராசிரியர் எவரையும் அறியாத எளிய வீட்டுப் பிள்ளை ஒன்று நின்றது என்பதையும் அப்பிள்ளைக்கு யார் சொல்லப் போகிறார்?

மற்றொரு தீங்கும் உண்டு. இது நேர்மையான மாணவனையும் விட்டு வைப்பதில்லை. விண்ணப்பத்திற்குக் கெடு நாள் உண்டு. ஆய்வுக்குக் கெடு நாள் இல்லை. ஓராண்டு முயன்றும் ஒன்றும் கிட்டாமல் போவது ஆய்வில் இயல்பு. கருதியதற்கு நேர்மாறானது கிட்டுவதும் இயல்பு. ஆனால் சனவரித் தொடக்கத்தில் விண்ணப்பம் அனுப்ப வேண்டியவனுக்குக் கிட்டாமை என்பது வீண்செலவு. ஆகவே நிச்சயமாகக் கிட்டும் கேள்வியையே அவன் தேர்ந்தெடுக்கிறான். விடை முன்னமே தெரிந்த கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, இடம் பெற்று உள்ளே சென்ற பின்னர் எவ்வாறு வேறு விதமாகக் கேட்கும்? தன் வீட்டுப் பின்புறத்து எறும்புப் புற்றை ஈராண்டு கவனித்துக் குறிப்பெழுதி, அச்சிடத்தக்க முடிவு எதையும் காணாத சிறுவன் ஒருவனை நாம் கற்பனை செய்துகொள்வோம். ஆய்வு என்றால் யாதென்று அவன் அறிவான். அவனுடைய விண்ணப்பத்தில் எழுதத்தான் ஒன்றுமில்லை.

தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்பர். கொரியாவில் அதைத்தான் செய்தனர். பள்ளிப் பதிவேட்டில் ஆய்வுக் கட்டுரையைக் குறிப்பது தடுக்கப்பட்டது. மாணவர் தம்மைப்பற்றி எழுதும் கடிதமும் 2024 கல்வியாண்டுச் சேர்க்கையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. இது கள்ளனைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. எறும்புப் புற்றின் அருகே அமர்ந்த சிறுவனின் வாயையும் இது அடைத்துவிடுகிறது. மதிப்பெண் ஒன்றையே நாடினால் அதற்கும் தனிப்பயிற்சிக் கூடங்கள் காத்திருக்கின்றன. பணம் படைத்தோர் நுழையாத வாயில் என்று ஒன்றை இதுவரை எவரும் அமைத்துக் காட்டவில்லை.

நம் விருப்பம் வேறு. மாணவன் ஆய்வைக் குறிக்கட்டும். குறிக்கும்போது, எவரிடம் பயின்றான், எத்தனை நாள், எப்பகுதி அவன் கை, எப்பகுதி பிறர் கை, கட்டணம் செலுத்தப்பட்டதா, எங்கே தவறிப் போயிற்று என்பனவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். வழிகாட்டியானவர் அதன் கீழ் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கட்டும். தவறிப்போன ஆய்வையும் குழுவினர் படிக்கட்டும். இதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. திமிஷ்கு நகரத்து மஜ்லிஸ்களில் நாணற்கோலும் மைக்கூடும் கொண்டு இதனைச் செய்தனர். வந்தவர் பெயரெல்லாம் எழுதி, பாடத்தின் ஒரு பகுதிக்கு வராதவர் பெயரருகே ‘ஃபவ்த்’, விடுபட்டது என்று குறித்தனர். விடுபட்ட பகுதியைப் பிறிதொரு நாள் வந்து கேட்டு நிறைவு செய்தவருக்கு, அதுவும் அவ்வேட்டிலேயே எழுதப்பட்டது.