நினைக்க முத்தி தரும் தலமும் அங்கே குடிபெயர்தலும்

திருவாரூரில் பிறந்தாலும், காசியில் இறந்தாலும், தில்லையைத் தரிசித்தாலும், திருவண்ணாமலையை நினைத்தாலும் முத்தி கிட்டும் என்பது சைவ மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. இவற்றுள் முதல் மூன்றும் உடல் அந்தந்த ஊரில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை உடையவை. அந்த நிபந்தனை இல்லாத ஒரே தலம் திருவண்ணாமலை. எங்கிருந்து நினைத்தாலும் பலன் தரும் என்று மரபே உறுதி சொல்லும் ஊருக்கு, ஓய்வுபெற்றவர்களும் துறவை நாடுவோரும் வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் வீடு தேடி வந்துகொண்டிருப்பது முரணாகத் தோன்றலாம். அந்த முரணை ஆராயும்போது, ஓர் ஊரில் வாழ்வது கையிருப்புக்குக் கட்டுப்படியாகுமா என்ற கணக்கும், அங்கே குடிபெயர்வது தகுமா என்ற ஆன்மிக வினாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது புலப்படும்.

தலவாசம், அதாவது புண்ணியத் தலம் ஒன்றில் நிலையாகத் தங்கி வாழ்தல், பற்றிச் சைவத்திற்குள்ளேயே இரு போக்குகள் உண்டு. உள்ளத்தில் அன்பில்லாதவர் எந்தப் புனித நதியில் நீராடியும் பயனில்லை என்று தேவாரத்தில் பாடிய அப்பரின் நோக்கில், இடம் தன்னளவில் எதையும் தந்துவிடுவதில்லை. ஆனால் அதே அப்பர்தான் முதிர்ந்த வயதிலும் தலந்தலமாக நடந்து உழவாரப் பணி செய்தவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் இந்த இரண்டாம் போக்கைக் கோட்பாடாகவே நிறுவுகிறது; ஞானம் பெற்றவர்கூட அடியார் கூட்டத்தைச் சேர்ந்து, திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு வழிபடுவார் என்பது அந்நூலின் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்து. ஆகவே, இடத்தால் மட்டும் விடுதலை இல்லை, ஆயினும் இடமும் இணக்கமும் பொருளற்றவை அல்ல என்ற இரண்டையும் சேர்த்தே மரபு சொல்கிறது எனக் கொள்ளலாம்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. நினைவே போதுமென்றால், திருவண்ணாமலையில் வாழ்வது முத்திக்கு இன்றியமையாதது ஆகாது. நினைவு தளராமல் நிற்பதற்கு அது ஒரு துணையே ஆகும். இன்றியமையாத ஒன்றுக்கு விலை பார்ப்பது பொருந்தாது. துணையாக வரும் ஒன்று எதற்குத் துணையாகிறதோ அதையே கெடுக்குமாயின், அதைக் கணக்குப் பார்த்து விலக்குவதே முறை. மாதம் பிறந்தவுடன் வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையே மனத்தை நிரப்புமானால், மலையடிவாரத்தில் இருந்தும் மலையை நினைக்க இடமிராது. வரவு சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அரசனுக்குச் சொன்ன நெறி, இந்த வகையில் சாதகனுக்கும் பொருந்துகிறது. சாதகன் என்பவன் ஓர் ஆன்மிகப் பயிற்சியை விடாது மேற்கொள்பவன். அவனுக்குக் கடன்சுமை என்பது பயிற்சிக்கே நேரும் இடையூறு.

கணக்கு என்பதும் வாடகையோடு நின்றுவிடுவதில்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டு வாடகையும் முன்பணமும் ஊரின் பிற பகுதிகளைவிட உயர்ந்தே இருக்கின்றன. வெயில் தணிந்து வெளியூரார் மிகுதியாக வரும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அவை மேலும் ஏறுகின்றன. பௌர்ணமிதோறும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பேருந்துகள் ஊருக்கு வெளியே உள்ள தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடுகின்றன. கார்த்திகைத் தீபத்தின்போது நெரிசல் பன்மடங்காகிறது. அடிக்கடி மருத்துவரைப் பார்க்க வேண்டிய முதியவர், அத்தகைய ஓர் இரவில் மூச்சுத் திணறினால் தன் தெருவிலிருந்து மருத்துவமனைக்கு எவ்வாறு செல்வார் என்பதையும் குடிபெயருமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலைத் தாங்க உடலில் வலு உண்டா என்பதும், தண்ணீர் கேனுக்கும் ஆட்டோவுக்கும் மாதந்தோறும் ஆகும் தொகையும் இந்தக் கணக்கைச் சேர்ந்தவையே.

இத்தகைய கணக்கு நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்பார்க்கு ரமண மகரிஷியின் வரலாறு சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் திருவண்ணாமலையை அடைந்த அவர், கையில் எஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அவ்வூரை விட்டு நீங்கவில்லை. ஆனால் அவர் எறிந்தது தமக்கு உணவாகக்கூடிய காசை. தம்மை நம்பியிருந்த மனைவி மக்களின் பிழைப்பை அல்ல. இல்லத்தைத் துறந்து வர விரும்பிய இல்லறத்தாரிடம், எங்கே சென்றாலும் மனமும் உடன் வரும் என்று சுட்டி, இருந்த இடத்திலேயே விசாரத்தைத் தொடரச் சொன்னவரும் அவரே. விசாரம் என்பது ‘நான்’ என்னும் எண்ணத்தின் மூலத்தைத் தேடும் அகநோக்கு. அதற்கு முகவரி வேண்டியதில்லை. ஆசிரமத்தை அடுத்த பலாக்கொத்தில் தங்கிய முருகனார், அண்ணாமலை சுவாமி முதலிய அடியார்கள் எளிய குடில்களில் தேவையைச் சுருக்கி வாழ்ந்ததும் இங்கே கருதத்தக்கது. அவர்களுக்கு ஊர் கட்டுப்படியானது பொருள் மிகுதியால் அன்று, தேவையின் சிறுமையால்.

குடிபெயர்பவரின் கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது அவ்வூரில் முன்பே வாழ்பவரின் பங்கு. நகரத்து ஓய்வூதியத்தோடு ஒருவர் கேட்ட வாடகையைப் பேரமின்றித் தரும்போது, அதே தெருவில் பூக்கட்டியோ ஆட்டோ ஓட்டியோ பிழைப்பவர்க்கு அடுத்த ஆண்டு வாடகை எட்டாமற் போகிறது. அவர் ஊருக்கு வெளியிலோ, மலையின் சரிவிலோ இடம் தேட நேர்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலின் மழையில் வ.உ.சி. நகருக்கு மேலே மலைச்சரிவு இடிந்து விழுந்து ஏழு உயிர்கள் மாண்டன. சரிவில் வீடுகள் எழுந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றை எல்லாம் புதிதாகக் குடியேறியவர்மேல் ஏற்றுவது நேர்மையன்று. எனினும் மலிவான மனை என்பது சில வேளைகளில் ஆபத்தான மனையாகவும் இருக்கும் என்பதை அது உணர்த்திற்று. மலையையே இலிங்கமாகத் தொழ வருபவர், அதன் அடிவாரத்தில் வாழும் எளியவரின் இடத்தைத் தம் வழிபாட்டுக்கு விலையாக்குவாராயின், அந்த வழிபாட்டின் தகுதியே கேள்விக்குரியதாகும்.

இந்த நெருக்கடியிலிருந்து விலக மரபிலேயே வழி இருக்கிறது. அண்ணாமலையைச் சூழ்ந்து மூன்று யோசனை தூரத்திற்குள் வாழ்வோர்க்குத் தீட்சையின்றியும் முத்தி உண்டு என்று அருணாசல மாகாத்மியம் கூறுகிறது. யோசனை என்னும் பழைய நீட்டலளவைக்குக் கணக்குகள் வேறுபடினும், பரவலாகக் கொள்ளப்படும் கணக்கின்படி கீழ்பென்னாத்தூரும் தண்டராம்பட்டும் அந்த வட்டத்திற்குள் அடங்கும். தல புராணமே இவ்வளவு அகலமாக எல்லை வகுத்திருக்க, கிரிவலப் பாதையில்தான் வீடு வேண்டும் என்பது பக்தியைவிட விருப்பத்தின் பாற்பட்டதே. ஆதலின் குடிபெயர எண்ணுபவர், கோடையும் தீபமும் உட்பட ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்த பின்னரே சொந்த வீட்டை விற்பதைப் பற்றி முடிவு செய்தல் தகும். அந்த ஓராண்டில் வாடகையும் மருந்தும் போகக் கையில் சிறிது எஞ்சி, பொழுதும் எஞ்சி, அக்கம்பக்கத்தார்க்குச் சுமையாகாமலும் இருக்க முடிந்தால் அவ்வூர் அவருக்கு உரியது. முடியாவிடில், இருக்கும் ஊரிலிருந்தே நினைப்பதற்கு மரபு அவருக்கு முழு உரிமை தந்திருக்கிறது.