அரண்மனை எரிந்த பிறகு

கிரேக்கத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பைலோஸில், கி.மு. 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரண்மனை எரிந்தது. கணக்கர்கள் ஈரக் களிமண்ணில் கீறி, சுடாமல் உலர்த்தி வைத்திருந்த பலகைகளை அந்தத் தீயே சுட்டுக் காப்பாற்றிவிட்டது. அவை நெடுங்காலம் நிலைக்கும் என்று எழுதியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அந்த எழுத்தைப் படித்தார். மொழி கிரேக்கம்.

அந்தக் கணக்குகளில் அரசனுக்குப் பெயர் வனாக்ஸ். அவனுக்கு அடுத்த நிலையில் இருந்தவனைவிட மூன்று மடங்கு நிலம் அவனுக்கு. பாசிலியூஸ் என்றொருவனும் வருகிறான். வெண்கலக் கொல்லர்களின் கூட்டத்துக்குத் தலைவன், உள்ளூர் ஆள். மேஸ்திரி என்றால் பொருந்தும்.

அரண்மனைகள் அழிந்தன, எழுத்தும் மறந்துபோயிற்று. வனாக்ஸ் என்ற சொல் 'அனாக்ஸ்' என்று தேய்ந்து, ஹோமரின் காவியத்தில் அகமெம்னோனுக்கும் தெய்வங்களுக்கும் உரிய அடைமொழியாக ஒதுங்கியது. நாட்டை ஆண்டவனுக்கு வந்து சேர்ந்த பெயர் பாசிலியூஸ்! அதில் எனக்கு வியப்பில்லை. வனாக்ஸின் அதிகாரம் பண்டகசாலையிலும் கணக்கேட்டிலும் இருந்தது. அவை போனதும் அவனும் போனான். மேஸ்திரியோ ஊருக்குள், உலைக்களத்தின் பக்கத்திலேயே இருந்தான். சிதறிப்போன ஊர்களில் மக்கள் யார் முகத்தைத் தேடியிருப்பார்கள்? ஆள்பவனை ஆளவைப்பது அவன் பட்டமல்ல, அவனைச் சுற்றி நிற்பவர்களின் தேவை. தேவை இடம் மாறினால் கிரீடமும் இடம் மாறுகிறது.

மேஸ்திரியின் வாரிசுகளுக்கும் அதே கதிதான். ஏதென்ஸில் பாசிலியூஸ், அதாவது 'அரசன்' என்பவன், ஒன்பது ஆட்சியர்களில் ஒருவனாகச் சுருங்கினான். பதவி ஓராண்டு, கி.மு. 487 முதல் குலுக்கலில் தேர்வு. வேள்விகளும் கொலை வழக்குகளும் தெய்வநிந்தனை வழக்குகளும் அவன் பொறுப்பு. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மீதான குற்றச்சாட்டு பதிவானது அந்த 'அரசனின்' மண்டபத்தில்தான். பிறகு சொல் மறுபடி ஏறியது: கி.பி. 629-இல் பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் தன்னை பாசிலியூஸ் என்றே எழுதிக்கொண்டார்.

எஜமானைக் குறித்த 'கூரியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் கதை இன்னும் விசித்திரம். அடிமைக்கு உடையவனும் பெண்ணுக்குக் காப்பாளனும் கூரியோஸ்தான். யூதர் தம் மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது கடவுளுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைய கிரேக்கத்தில் அது 'கீரியோஸ்'. ஏதென்ஸ் சந்தையில் காய் வாங்க நிற்கும் எந்த ஆணையும் கடைக்காரர் அப்படித்தான் விளிக்கிறார்.