தட்டிப் பார்த்துக் கேளுங்கள்

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் பெரியவர்கள், வேலையைத் தொடங்குமுன் இரும்புக் கம்பியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்றால் கெட்டி. ‘தொம்’ என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே பாறைதான். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூருக்குப் போய்ப் படிக்கிறார்கள். ‘டிப்ரெஷன்’ என்ற சொல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மார்க் குறைந்தாலும் டிப்ரெஷன், மேட்ச் தோற்றாலும் டிப்ரெஷன். ஆனால் பக்கத்து சீட்டில் அந்த நோயே வந்து உட்கார்ந்தால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை.

அது எப்போதும் அழுதுகொண்டு வருவதில்லை. தினமும் இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டவன், இப்போது கதவோரம் தனியாக நிற்கிறான். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்புகிறது. புத்தகத்தில் ஒரே பக்கம் அரைமணி நேரமாக விரிந்து கிடக்கிறது. “என்னடா ஆச்சு?” என்றால் எரிந்து விழுகிறான். நாம் ‘திமிர்’ என்கிறோம். வீட்டில் ‘சோம்பேறி’ என்கிறார்கள்.

மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது: நீங்காத மனச்சோர்வு, பிடித்தவை எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுதல் அல்லது மிகுதல், பசியில் மாற்றம், அசதி, கவனச் சிதறல், உடல் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், சாவு பற்றிய நினைப்பு. முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்து, ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் அநேகமாகத் தினமும் இருந்தால் அது வெறும் கவலை அல்ல, நோய். சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். ஆனால் சாவு பற்றிய நினைப்பு தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேட வேண்டும்.

சாவு நினைப்பைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அக்கறையோடு கேட்பது பாரத்தைக் குறைக்கும். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. தட்டிப் பார்ப்பது நம் வேலை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

இன்று ரயிலில் கதவோரம் நிற்கிற நண்பனிடம் போங்கள். “சாப்பிட்டியா, தூங்கினியா?” என்று கேளுங்கள். “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.