கூந்தல் யாருடைய உடைமை?

தன் தலைமயிரைத் தான் விரும்பியவாறு வாரிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டா என்று வினவினால், கேட்போர் நகைப்பர். ‘அவரவர் தலை, அவரவர் சீப்பு, இதிலென்ன விவாதம்?’ என்பர். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பினப் பெண்களுக்கு இக்கேள்வி நகைப்புக்குரியதன்று. சுருண்டு அடர்ந்து வளரும் தன் கூந்தலை ஒருத்தி இயற்கையாக விட்டால், உத்தியோகம் கொடுப்பவன் முகஞ் சுளிக்கிறான். அதை மருந்திட்டு நேராக்கினால், ‘வெள்ளையரைப் பார்த்து வேஷம் போடுகிறாள்’ என்று சொந்த இனத்தாரிற் சிலரே பழிக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நடுவே நிற்பவளுக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று உண்டா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

‘கூந்தலில் அரசியலைப் புகுத்துவானேன்?’ என்பாருக்குச் சரித்திரமே விடை கூறும். 1786-ம் ஆண்டில் லூசியானா ஸ்பெயின் தேசத்தின் ஆட்சியில் இருந்தது. அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின, கலப்பினப் பெண்கள் தம் கூந்தலை அழகுற ஒப்பனை செய்து வீதியில் நடந்தனர். நிறத்தின் எல்லை மங்குவதை ஆட்சியாளர் விரும்பவில்லை. கவர்னர் எஸ்தேபான் மிரோ, அப்பெண்கள் கூந்தலில் இறகும் அணியும் சூடலாகாது, துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களோ வண்ணத் துணிகளைத் தேர்ந்தெடுத்துக் கண்கவர் முடிச்சுகளாகக் கட்டி, இழிவுக்கென இட்ட அடையாளத்தையே அலங்காரமாக்கிக் கொண்டனர்.

தென்னாப்பிரிக்காவிலோ, 1950-ல் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் வந்தபின், ஐயத்துக்குரியவரின் மயிரில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. பென்சில் நழுவி விழுந்தால் ஓர் இனம். சிக்கி நின்றால் வேறோர் இனம். எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பவை யாவும் அந்த இனப் பெயரைப் பொறுத்தே அமைந்தன. ஆகவே, கூந்தலை அரசியலாக்கியவர் அதை வாரிக்கொண்ட பெண்கள் அல்லர். அவர்களை ஆண்டவர்களே என்பது தெளிவு.

அமெரிக்காவில் 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நேரான மயிரே ‘நல்ல மயிர்’ என்னும் எண்ணம் ஒழியவில்லை. அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867-ல் பிறந்த ஸாரா பிரீட்லவ் என்னும் பெண்மணி, சலவைத் தொழில் செய்து பிழைத்தவர். பின்னர் மேடம் ஸி. ஜே. வாக்கர் என்னும் பெயரால் தலைக்குப் பூசும் தைலங்களை விற்றுப் பெருஞ் செல்வரானார். அவர் பரப்பிய முறையில் காய்ச்சிய இரும்புச் சீப்பும் ஒரு பகுதி. ‘வெள்ளையரின் அழகைத் தன் இனத்தாருக்கு விற்றவர்’ என்று அவரைக் குறை கூறுவோர் உளர். ஆனால், பிறர் வீட்டுத் துணி துவைப்பதன்றி வேறு வழியறியாத ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அவருடைய ஏஜெண்டுகளாகிச் சொந்தக் காலில் நின்றனர். ஒரே சீப்பு ஒரு கையில் விலங்கு. மற்றொரு கையில் பிழைப்பு. இவரைத் துரோகி என்று ஒரு சொல்லில் தீர்த்துவிடுதல் நீதியாகாது.

1960-க்குப் பின் காற்றுத் திசை மாறியது. கறுப்பின இளைஞரும் மங்கையரும் தம் மயிரை நேராக்காமல் வட்டக் குடைபோல் வளரவிட்டனர். 1970-ல் மத்தியப் போலீசார் தேடிய ஆஞ்செலா டேவிஸின் படம் நாடெங்கும் ஒட்டப்பட்டபோது, அந்தக் கூந்தலே ஒரு கொடியாயிற்று. இதனால் விளைந்த தன்மான உணர்ச்சி போற்றத்தக்கது. ஆனால் கொடி பிடிக்காதவளை இனத்துரோகி என்னும் பேச்சும் உடன் பிறந்தது. நேற்றுவரை ‘நேராக்கு’ என்றது ஒரு குரல். இன்று ‘நேராக்காதே’ என்பது மற்றொரு குரல். இரண்டும் ஏவலே. ஏவுபவர் மாறினர், ஏவப்படுபவள் மாறவில்லை.

கோர்ட்டார் என்ன கூறினர்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண், தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிக்கொள்வதைக் கம்பெனி தடுத்ததன்பேரில் வழக்கிட்டார். 1981-ல் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாயிற்று. இனம் பிறப்பால் வருவது. பின்னலோ விரும்பினால் அவிழ்க்கத்தக்கது. ஆகவே பின்னலைத் தடுப்பது இனத்தைத் தடுப்பதாகாது என்பதே தீர்ப்பின் சாரம். அலபாமாவில், சடைமுறுக்கை வெட்ட மறுத்த பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்ற வழக்கிலும், 2016-ல் மேல் கோர்ட் ஏறக்குறைய இதே வழியில் சென்றது.

இந்த நியாயத்தைச் சற்று உரசிப் பார்ப்போம். மாற்றிக்கொள்ளக் கூடியதற்குப் பாதுகாப்பு வேண்டா எனில், மதமும் மாற்றிக்கொள்ளக் கூடியதே. ஆயினும் 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம், உத்தியோகத்தில் இனத்தைப் போலவே மதத்தையும் காக்கின்றது. ‘விருப்பம்’ என்னும் சொல் இங்கே உரிமையைக் காக்கும் கேடயமாக இல்லை. உரிமையை மறுக்கும் வாளாகவே பயன்பட்டது. 2019-ல் கலிபோர்னியா மாகாணம் முதன்முதலாக, இயற்கைக் கூந்தலையும் பின்னலையும் காரணங்காட்டி வேலையிலும் பள்ளியிலும் வேற்றுமை பாராட்டலாகாது என்று சட்டமியற்றியது. பல மாகாணங்கள் பின்பற்றின. நாடு முழுமைக்குமான மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2022-ல் நிறைவேற்றியும், அது செனட் சபையைக் கடக்கவில்லை.

சட்டம் மட்டுமோ தடை? 2009 முதல் 2017 வரை வெள்ளை மாளிகையில் வாழ்ந்த மிஷெல் ஒபாமா, அக்காலத்தில் தம் கூந்தலை நேராக்கியே வைத்திருந்தார். அமெரிக்க மக்கள் தம் பின்னலை ஏற்க இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கருதியதே காரணம் என்று 2022-ல் அவரே கூறினார். நாட்டின் முதற்பெண்மணிக்கே இந்நிலை எனில், மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவளின் நிலை என்னாகும்? அதே 2022-ல், 33,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. முடியை நேராக்கும் மருந்தை அடிக்கடி பூசுவோருக்குக் கருப்பைப் புற்றுநோய் காணும் வாய்ப்பு, பூசாதோருக்குக் காணும் வாய்ப்பினும் இரு மடங்குக்கு மேல் என்பது அது. மருந்தே நோய்க்குக் காரணம் என்று இதனால் முடிவாகிவிடாது. எனினும் அஞ்சத்தக்க செய்தியே.

இது கடல் கடந்த கதை, நமக்கென்ன என்று எவரும் கருதவேண்டா. திருப்பதியிலும் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றிலும் பக்தர் இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. நீண்ட முடி பதம் செய்யப்பட்டுச் சவுரியாக அயல்நாடு செல்கிறது. அதை வாங்குவோரில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர். இவ்வாணிபத்தை 2009-ல் வெளிவந்த ‘குட் ஹேர்’ என்னும் படம் காட்டியது. இங்கே ஒருத்தி வேண்டுதலுக்கு இழக்கிறாள். அங்கே ஒருத்தி பிறர் மதிப்புக்கு வாங்குகிறாள். நடுவில் இலாபம் அடைவோர் வேறு.

ஆகவே, ஒருத்தியின் விருப்பம் மெய்யானதா என்று அறிய ஒரே சோதனை போதும். இதை அவள் மறுத்தால் எதை இழப்பாள்? ஒன்றும் இழக்காள் எனில், அது அவள் விருப்பம். நேராக்கினும் பின்னினும் நமக்கு அதிற் பேச இடமில்லை. வேலையையும் படிப்பையும் மதிப்பையும் இழப்பாள் எனில், அதற்கு விருப்பம் என்று பெயரிடுவது பொய். அப்பொழுதும் கண்டிக்கத்தக்கவன் விலை வைத்தவனே. விலை கொடுத்தவள் அல்லள்.

‘அப்படியாயின் அழகைப் பற்றிய தவறான எண்ணத்தைச் சீர்திருத்தக்காரர் கண்டிக்கலாகாதோ?’ எனின், கண்டிக்கலாம். கண்டித்தே ஆக வேண்டும். அந்த எண்ணத்தைப் பரப்பும் விளம்பரத்தைக் கண்டிப்போம். வேலை மறுக்கும் முதலாளியைக் கண்டிப்போம். மாணவியை வீட்டுக்கு அனுப்பும் பள்ளியைக் கண்டிப்போம். அவ்வளவும் செய்தபின், கண்ணாடி முன் நிற்கும் பெண்ணை அவள் சீப்போடு தனியே விட்டுவிடுவோம். சுயமரியாதையைப் பிறர்க்குப் போதிக்க முற்படுவோர் முதலிற் கற்கவேண்டிய மரியாதை அதுவே.